ஒற்றைக்கல் மந்தில் ஓர் ஆங்கிலக் கோயில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு அம்மரபிலிருந்து சற்றே விலகி, கோடை விடுமுறையில் நான் கண்டுவந்த ஓரிடத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் கண்டுவந்தது உதகமண்டலம். உதகையை அறியாத தமிழர் இவ்வவையில் ஒருவரும் இரார். ஏரியையும் மலர்க் கண்காட்சியையும் மலை ரயிலையும் நான் வருணிக்கத் தொடங்கினால், அவற்றை என்னினும் நன்கு அறிந்த தாய்மார்கள் கொட்டாவி விடுவார்கள். ஆகவே உதகைக்குச் செல்வோரில் பலர் வாயிலோடு கடந்துபோகும் ஒரு பழைய கட்டடத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். ஒரு குன்றின் மேல் நிற்கும் தூய ஸ்டீபன் ஆலயமே அது.

கோல் மார்க்கெட்டில் வாழும் நமக்கு ஆங்கிலேயர் கட்டிய கோயில்கள் புதியன அல்ல. கோல் டாக்கானாவை அடுத்து ஓங்கி நிற்கும் திரு இருதயப் பேராலயத்தை நம் குழந்தைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அருகில் மீட்பின் பேராலயம் இருக்கிறது. இவ்விரண்டையும் வரைந்தவர் ஹென்றி மெட் என்னும் ஒரே கட்டடக் கலைஞர். ஆனால் இவை ஒரு பேரரசின் தலைநகருக்கென எழுந்தவை. அளவிலும் தோரணையிலும் அரசாங்கம் தெரியும். உதகைக் கோயிலோ இவற்றைவிட நூறாண்டு மூத்தது, உருவத்தில் சிறியது. அரசைக் காட்டுவதற்காக எழுந்தது அன்று. வீட்டை நினைந்து ஏங்கியவர்களின் மனத்திலிருந்து எழுந்தது. வீட்டை விட்டு வந்தவர்கள் நாமும். ஆதலால் அக்கோயில் நம்மோடு பேச வல்லது.

இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சிற்றூர் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடான ஓரிடத்தில் கல்லால் கட்டிய கோயில். அதற்குச் சதுரமான கோபுரம். சுற்றிலும் புல் படர்ந்த கல்லறைத் தோட்டம். அதைச் சூழ்ந்து வீடுகள். அவ்வூரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் கோயிலின் சேகரம் என்பர். அவ்வூரில் பிறந்தவனுக்கு அக்கோயிலில் திருமுழுக்கு, அங்கேயே திருமணம், அங்கேயே அடக்கம். இம்மூன்றையும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று 1538ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னனின் காலத்தில் ஆணை பிறந்தது. ஆகவே ஒரு குடும்பத்தின் பல தலைமுறைக் கதை அக்கோயிலின் ஏட்டிலும் அதன் வாயிற்புறக் கற்களிலும் எழுதப்பட்டிருக்கும். நம்மூரில் குலதெய்வக் கோயிலுக்கும் ஊர்க் கோயிலுக்கும் உள்ள இடம் அங்கே சேகரக் கோயிலுக்கு உண்டு என்று சொன்னால் உங்களுக்கு எளிதில் விளங்கும்.

இத்தகைய ஊரை விட்டுக் கப்பலேறியவர்கள் சென்னைச் சமவெளிக்கு வந்தார்கள். சித்திரை வெயிலும் காய்ச்சலும் வயிற்று நோயும் அவர்களை வாட்டின. மனைவியும் குழந்தைகளும் கண்ணெதிரே மடிந்தனர். வெயிலுக்கு ஒதுங்கக் குளிர்ந்த ஓரிடம் கிடைக்காதா என்று அவர்கள் ஏங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் நீலமலை அவர்கள் கண்ணில் பட்டது.

அதற்கு முன் அம்மலை ஆளில்லாத காடு என்று எண்ணிவிடலாகாது. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் முதலிய மக்கள் அங்கே வாழ்ந்தனர். 1603ஆம் ஆண்டிலேயே பெனிசியோ என்னும் ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் மேற்குக் கரையிலிருந்து மலையேறி அம்மக்களைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். தோடர் எருமை மேய்ப்பவர். அரைப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற குடிசைகளில் வாழ்பவர். பால் கறக்கும் தொழிலே அவர்களுக்கு வழிபாடு, பாற்கொட்டிலே கோயில், பாற்காரனே பூசாரி. அவர்கள் மொழி நம் மொழிக்கு உடன்பிறந்தது. திராவிட மொழிகளின் தென்குழுவைச் சேர்ந்த அதனை 1930களில் அங்கே தங்கி ஆராய்ந்தவர் எமனோ என்னும் அறிஞர். தோடரின் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். நம் ஊர்களில் 'மந்தை' என்னும் சொல் இன்றும் வழங்குவதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். ஒற்றைக்கல் நின்ற மந்து 'ஒத்தைக்கல் மந்து' ஆயிற்று என்றும், அதுவே ஆங்கிலேயர் நாவில் ஊட்டகமண்ட் என மாறிற்று என்றும் அறிஞர் பலர் கூறுவர். 1821ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னைப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கடிதத்தில் இப்பெயர் 'வோட்டோக்கிமண்ட்' என்று அச்சாகியுள்ளது. ஊரின் பெயர் அச்சேறியது அதுவே முதன்முறை என்பர்.

ஆக, நண்பர்களே, பின்னாளில் ஆங்கிலச் சிற்றூராக மாறிய அந்த மலையுச்சி, அதற்கு முன்னரே ஒரு சிற்றூர்தான். இதை நாம் மறவாமல் மேலே செல்வோம்.

கோவை மாவட்டத்துக் கலெக்டராக இருந்தவர் ஜான் சல்லிவன். அவர் 1819ஆம் ஆண்டில் மலையேறினார். முதலில் கோத்தகிரிக்கு அருகில் கன்னேரிமுக்கு என்னும் இடத்தில் தங்கினார். பிறகு உதகைப் பள்ளத்தாக்கைக் கண்டார், மனம் பறிகொடுத்தார். தோடரிடமிருந்து நிலம் பெற்று, 1822ஆம் ஆண்டில் கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். அதுவரை உதகையில் அத்தகைய வீடு இருந்ததில்லை. மலைமக்கள் அதனைக் 'கல் பங்களா' என்று அழைத்தனர். இன்று அது அரசினர் கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அவர் மனைவி ஹென்றியேட்டா உதகையில் குடியேறிய முதல் ஐரோப்பியப் பெண்மணி என்பர். சல்லிவன் ஓடைகளைத் தேக்கி ஏரி அமைத்தார். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பிற சீமைக் காய்களும் பயிரிடச் செய்தார். நம் தாய்மார்கள் காய்கறிக் கடையில் இன்றும் 'இங்கிலீஷ் காய்கறி' என்று கேட்டு வாங்குகிறார்களே, அச்சொல்லுக்குப் பின்னால் இம்மலையின் வரலாறு இருக்கிறது.

ஒருவர் வழிகாட்டப் பலர் பின்தொடர்ந்தனர். தம் நாட்டுச் செடிகளை வேலியாக நட்டார்கள். வீடுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நான்கு சாலை கூடுமிடத்துக்கு லண்டனிலிருந்து 'சேரிங் கிராஸ்' என்னும் பெயரைக் கொண்டுவந்தார்கள். 1843ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரம் வந்து சேர்ந்தது. அதனை நாம் தைல மரம் என்கிறோம். 1848ஆம் ஆண்டில் மக்கைவர் என்பவர் பூங்காவை அமைக்க வந்தார். 1877ஆம் ஆண்டில் உதகைக்கு வந்த வைசிராய் லிட்டன் பிரபு, அங்குள்ள மழையையும் சேற்றுப் பாதைகளையும் கூடத் தம் நாட்டு மாவட்டங்களோடு ஒப்பிட்டு மகிழ்ந்து தம் மனைவிக்கு எழுதினார். சேற்றைக் கண்டும் ஒருவன் மகிழ்கிறான் என்றால் அவன் எவ்வளவு காலம் வீட்டைப் பிரிந்திருக்க வேண்டும்! நம்மில் எத்தனை பேர் ஆடி மாதத்தில் தில்லியில் நான்கு துளி விழுந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்துத் தஞ்சையையும் நெல்லையையும் நினைத்திருக்கிறோம்!

இனிக் கோயிலுக்கு வருவோம். அதனை எழுப்பியவர் சல்லிவன் அல்லர். அவருக்கு மாறான கருத்துடையவர். 1827 முதல் 1832 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன், உதகையைப் போர்வீரர் உடல் தேறும் இடமாக ஆக்க முனைந்தார். ஊரின் பொறுப்பைச் சல்லிவனிடமிருந்து எடுத்துப் படை அதிகாரி ஒருவரிடம் ஒப்படைத்தார். அவரே 1829ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். கட்டட வேலையை நடத்தியவர் கேப்டன் அண்டர்வுட். 1830ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் கல்கத்தாப் பேராயர் டர்னர் அதனைத் திருநிலைப்படுத்தினார். 1831ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, கோயில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆன செலவு 24,000 ரூபாய் என்பர். கோயிலுக்குச் சூட்டிய ஸ்டீபன் என்னும் பெயர் முதல் மறைசாட்சியின் திருப்பெயர். தமிழ் விவிலியம் அவரை ஸ்தேவான் என்னும். ஆளுநரின் பெயரும் அதுவே என்பதை ஊரார் அன்றே கவனித்திருப்பார்கள். கல்வெட்டில் தம் பெயரைக் காண விழையும் வழக்கம் நம் நாட்டுக் கொடையாளருக்கு மட்டும் உரியதன்று!

இக்கோயிலின் மரங்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் கேட்கத் தக்கது. அவை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்தவை. 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் தம் கோட்டை வாயிலில் போரிட்டு வீழ்ந்தார். அவருடைய லால் பாக் அரண்மனை பிரிக்கப்பட்டபோது, அதன் பெருவிட்டமும் பிற மரங்களும் மலைக்கு ஏற்றப்பட்டன. குன்னூர் வழியாக முறையான சாலை அமையாத காலம் அது. எத்தனை தோள்கள் அச்சுமையைத் தாங்கின என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. மைசூர் மன்னர் ஒருவர் தம் வாழ்விடத்துக்கென அறுத்து இழைத்த மரத்தின் நிழலில், முப்பது ஆண்டுகளுக்குப் பின், அவரை வென்றவர்கள் முழந்தாளிட்டு வணங்கினர். அம்மரம் இன்றும் உறுதியாகவே நிற்கிறது. மரத்துக்கு வென்றவன், தோற்றவன் என்ற வேறுபாடு இல்லை.

சேரிங் கிராசிலிருந்து மேட்டில் ஏறிச் சென்றால் கலெக்டர் அலுவலகத்துக்கு அருகில் கோயில் தென்படும். வெளிர்மஞ்சள் பூசிய சுவர்கள்; அதிக உயரமில்லாத சதுரக் கோபுரம்; அதன் உச்சியில் கோட்டைச் சுவர் போன்ற பல்வரிசை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டு பழகிய நமக்கு அது வியப்பூட்டும் கட்டடம் அன்று. எம்முடன் வந்த சிறுவர்கள், "இவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். நானும் அவர்களை மறுக்கவில்லை. உள்ளே சென்று சற்று அமர்ந்தபின்தான் அதன் இயல்பு விளங்குகிறது. வெளியே கூட்டமும் வண்டிகளின் இரைச்சலும். உள்ளே மரத்தின் மணமும் குளிர்ந்த அமைதியும். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே விழும் ஒளி, பழைய இருக்கைகளின் மேல் மெல்ல நகர்கிறது. அண்ணாந்து பார்த்தால் திப்புவின் விட்டம்.

பிறகு சுவர்களைப் படிக்கலாம். சுவரெங்கும் பலகைக் கற்கள். படைவீரர், அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், அவர்தம் மனைவியர் ஆகியோரின் நினைவாக வைத்தவை அவை. இங்கே பிறந்தார், அங்கே இறந்தார் என்னும் இரண்டு வரிகளுக்கு இடையில் ஆறாயிரம் மைல் கடல் கிடக்கிறது.

கோயிலுக்குப் பின்புறச் சரிவில் கல்லறைத் தோட்டம் படிப்படியாக மேலேறுகிறது. பாசி படர்ந்த சிலுவைகள், சாய்ந்த கற்கள், உயர்ந்த புல். அங்கே நான் கண்டவற்றுள் பல கற்களில் வயது இரண்டு, மூன்று என்றும், சிலவற்றில் திங்கள் கணக்கிலும் பொறித்திருந்தது. நோய்க்கு அஞ்சித்தான் மலைக்கு வந்தார்கள். மலைக்கும் நோய் வந்தது. ஆண்டவன் என்றும் அரசன் என்றும் நம் நாட்டார் அஞ்சிய அந்த மக்கள், கைக்குழந்தையைப் புதைத்துவிட்டு, அக்கல்லை அதன்பின் யார் துடைப்பார் என்று அறியாமலே கப்பலேறிப் போயிருக்கிறார்கள். ஆட்சியை நாம் வெறுக்கலாம், வெறுத்தோம், வெறுத்தது சரியே. ஆனால் ஒரு தாயின் கண்ணீருக்கு நாடு ஏது?

அத்தோட்டத்திலேதான் சல்லிவனின் மனைவி ஹென்றியேட்டாவும் அவர்களுடைய மகள் ஹேரியட்டும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். 1830களில் இருவரையும் அவர் அடுத்தடுத்து இழந்தார். தம் ஊரைத் தம் கையிலிருந்து பறித்த ஆளுநர் கட்டிய கோயிலின் மண்ணிலேயே தம் மனைவியையும் மகளையும் விதைக்க நேர்ந்தது. சில ஆண்டுகளில் அவர் இந்தியாவை விட்டே சென்றார். 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காலமாகி, ஸ்லோ நகருக்கு அருகிலுள்ள அப்டன் என்னும் பழைய சேகரக் கோயிலில் அடக்கமானார். யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வானநூல் அறிஞர் ஹெர்ஷல் துயில்வதும் அக்கோயிலில்தான். கணவன் அங்கே, மனைவியும் மகளும் இங்கே. இன்று அந்த ஸ்லோ நகரில் ஏராளமான இந்தியக் குடும்பங்கள் வாழ்கின்றன. உதகையை ஆங்கில ஊராக்க முனைந்தவரின் கல்லறைக்கு அருகே நம் நாட்டார் குடியேறித் தாளிதம் செய்கிறார்கள். காலத்தின் நகைச்சுவைக்கு எல்லை இல்லை.

சல்லிவனுக்கும் அரசுக்கும் இடையே இருந்த வழக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் என் பேச்சின் உயிர்நிலை. நீலமலை யாருடையது என்பதே அவ்வழக்கு. மலை முழுதும் தோடருக்கே முழு உரிமையுடையது. அரசாங்கமே ஆனாலும் ஒரு துண்டு நிலம் வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்டு விலை கொடுத்தே பெற வேண்டும் என்றார் சல்லிவன். மேய்ப்பவனுக்கு மேய்ச்சல் உரிமை உண்டு, நில உரிமை இல்லை என்றனர் மறுதரப்பார். ஏர் உழாதவனுக்கும் வேலி போடாதவனுக்கும் நிலம் எப்படிச் சொந்தமாகும் என்பது அவர்கள் எண்ணம். இறுதியில் வென்றது அரசாங்கத்தின் கட்சியே.

சல்லிவனைப் புனிதராக்குவது என் நோக்கம் அன்று. தோடரிடம் அவர் நிலம் வாங்கிய விலை மிக அற்பமானது. ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று சொல்வார்கள். நிறைய நிலமும் தமக்கென வைத்திருந்தார். அவர் காட்டிய வழியில் வந்தவர்கள் மலையின் முகத்தையே மாற்றினார்கள். புல்வெளிகள் தோட்டங்களாயின, சோலைகள் குறைந்து தைல மரங்கள் பெருகின, எருமைக்கு மேய்ச்சல் சுருங்கியது. இத்தனைக்கும் காரணமானவர்தாம் அவர். ஆயினும், "இம்மண் யாருடையது?" என்று ஆட்சியாளர் நடுவில் நின்று கேட்டவரும் அவரே. முதுமையில் இங்கிலாந்தில் இருந்தபோதும், கம்பெனியார் இந்திய அரசர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளை மீறி நாடுகளை விழுங்குவதைக் கண்டித்து 1853ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். உதகையின் இருநூறாண்டு நிறைவை ஒட்டி 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு அவருக்கு அங்கே மார்பளவுச் சிலை வைத்தது. ஆளுநர் லஷிங்டனுக்கு அப்படி ஒரு விழாவை எவரும் நினைக்கவில்லை. இருவரும் கட்டினார்கள், ஆனால் கேள்வி கேட்டவரை மக்கள் நினைவில் வைத்தார்கள்.

கோயிலின் கதி பின்னர் என்னவாயிற்று? 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற சில வாரங்களில், சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. தூய ஸ்டீபன் ஆலயம் அச்சபையின் ஆலயமாயிற்று. வந்தவர்கள் போனார்கள், அவர்கள் கட்டிய கோயிலில் இன்று வழிபடுவோர் நம் நாட்டு மக்கள். விளக்கேற்றுவதும் கூரையைப் பழுது பார்ப்பதும் அந்நியரின் கல்லறையில் முளைத்த புல்லைக் களைவதும் இவர்களே. அக்கோயில் தன்னைக் கட்டியவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்திருந்தால், அவர்கள் கடைசிக் கப்பலேறிய நாளிலேயே இடிபாடாகத் தொடங்கியிருக்கும். மற்றவர் தமதென ஏற்றுக்கொண்டதால் பிழைத்தது. பூங்காவின் மேற்புறத்தில் தோடர் மந்து ஒன்று இன்றும் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் புத்துக்குளி என்னும் போர்வையில் இழைக்கும் சிவப்பு, கறுப்புப் பூவேலை 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஒற்றைக்கல் மந்தின் மக்கள் மறைந்துவிடவில்லை. அவர்களைத் தேடிச் சென்று காண்பவர்தாம் சிலர்.

நண்பர்களே, நீலமலையிலிருந்து நம் தில்லிக்கு வருகிறேன். நாம் அமர்ந்திருக்கும் இவ்விடத்தின் கதையும் பெரிதும் வேறன்று. 1911ஆம் ஆண்டு டிசம்பரில் புதுத் தலைநகருக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்காகக் கையகப்படுத்திய நிலத்தில் ரைசினா, மால்சா போன்ற சிற்றூர்கள் இருந்தன. குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கும் மேடு, ரைசினா என்னும் ஊரின் மேடு. மால்சாவில் உழுதுண்டு வாழ்ந்தவர்கள் இன்றைய அரியானாவுக்குப் பெயர்ந்தார்கள். கன்னாட் பிளேஸ் எழுந்த இடத்தில் ஜெய்சிங்புரா, மாதோகஞ்சு என்னும் குடியிருப்புகள் இருந்தன. 1921ஆம் ஆண்டில் எழுந்த நம் வட்ட வடிவ அங்காடியும், அதைச் சுற்றிய குவார்ட்டர்சுகளும், தமிழ்க் குமாஸ்தாக்களின் முதல் தலைமுறையினர் பாய் விரித்துப் படுத்த முற்றங்களும் அவ்வாறு கொண்ட நிலத்தில் அமைந்தவைதாம். நாம் எவருடைய நிலத்தையும் பறிக்கவில்லை. வேலை தேடி வந்தோம். ஆனால் நாம் வருமுன் இங்கே ஓர் ஊர் இருந்தது என்பதை அறிந்துகொள்ளும் கடமை நமக்கு உண்டு.

ஆங்கிலேயர் நம் மலையில் கோயில் கட்டியதுபோல் நாமும் இந்நகரில் கட்டியிருக்கிறோம். மந்திர் மார்க்கில் நம் பிள்ளைகள் பயிலத் தமிழ்ப் பள்ளி எழுந்தது. ராமகிருஷ்ணபுரத்தில் குன்றின் மேல் சுவாமிநாதனுக்குக் கற்கோயில் எழுப்பி 1973ஆம் ஆண்டில் குடமுழுக்குச் செய்தோம். குன்று தேடிக் கோயில் கட்டுவதில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள ஒற்றுமையை எண்ணி நான் வியந்ததுண்டு. இன்று அம்மலைக் கோயிலுக்குச் சென்று பாருங்கள். வரிசையில் நிற்போரில் பஞ்சாபியர் உண்டு, வங்காளியர் உண்டு, பக்கத்துக் குடியிருப்பு மக்கள் உண்டு. தமிழ்ப் பள்ளியின் வகுப்பறையிலும் பிற மொழிக் குழந்தைகள் அமர்ந்திருக்கிறார்கள். சிலர் இதைக் கண்டு, "நம்முடையது நம்மிடம் இல்லாமல் போய்விடுமோ?" என்று கவலைப்படுகிறார்கள். உதகைக் கோயிலைக் கண்டபின் எனக்கு அக்கவலை இல்லை. பிறர் கால் மிதிக்கும் வாசற்படிதான் நிலைக்கும்.

மெய்யான கவலை வேறொன்று. நம் சங்கத்துக் குடும்பங்களில் பல அரசாங்கக் குவார்ட்டர்சில் வாழ்பவை. ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். சிலர் ஊர் திரும்புகிறார்கள்; சிலர் நொய்டாவுக்கும் துவாரகைக்கும் போகிறார்கள்; பிள்ளைகள் கடல் கடக்கிறார்கள். பழைய குவார்ட்டர்சுகள் இடிக்கப்பட்டு அடுக்கு மாளிகைகள் எழுவதை இந்நகரின் பல பகுதிகளில் கண்டு வருகிறோம். இருபது ஆண்டு கழித்து இவ்விழாவில் எத்தனை நாற்காலிகள் நிரம்பும்? நாம் போனபின் நம் பெயர் சொல்ல எது நிற்கும்? எத்தனை உயரமான கட்டடம் கட்டினோம் என்பது அதற்கு விடை ஆகாது. அக்கம்பக்கத்தார் எதைத் தமதென ஏற்றுக்கொண்டார்களோ, அதுவே நிற்கும்.

ஆகவே சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதலாவது, உதகைக்கும் பிற மலைகளுக்கும் விடுமுறையில் செல்லும் நம் குடும்பங்கள், ஏரியில் படகு விட்டுத் திரும்பிவிடாமல், இத்தகைய பழைய கோயிலுக்கும் அதன் கல்லறைத் தோட்டத்துக்கும் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். கற்களில் உள்ள ஆண்டுகளைப் படிக்கச் செய்யுங்கள். தோடர் மந்துக்கும் உரிய மரியாதையோடு சென்று வாருங்கள். இரண்டாவது, இவ்வூர்ச் சிற்றூர்களின் வரலாற்றை நம் பெரியவர்கள் திரட்டித் தமிழில் எழுதட்டும். ரைசினாவும் மால்சாவும் நம் சங்க நூலகத்தில் ஒரு நூலாகவேனும் வாழட்டும். மூன்றாவது, அடுத்த பொங்கல் விழாவுக்கு ஒவ்வொரு குடும்பமும் தமிழறியாத ஓர் அண்டை வீட்டுக் குடும்பத்தை அழைத்து வரட்டும். அவர்களுக்குப் பொங்கலும் வடையும் போதும் என்று எண்ணாமல், பாட்டின் பொருளையும் சொல்லுங்கள். பந்தியில் அமர்ந்தவனுக்கு இலை உரியது. பொருள் அறிந்தவனுக்குத்தான் விழா உரியது.

தூய ஸ்டீபன் ஆலயத்தை மைசூரின் மரமும் ஆங்கிலேயனின் ஏக்கமும் தோடரின் மண்ணும் சேர்ந்து ஆக்கின. நம் மக்களின் பக்தி அதனைக் காத்து வருகிறது. இம்மரத்தைத் தந்தவர் மனமுவந்து தரவில்லை. இம்மண்ணுக்கு உரியவரின் குரலை அரசு கேட்கவில்லை. அந்த அநீதியை மறைக்காமல் சொல்வோம். அதன்பின் அங்கே ஏற்றிய விளக்கையும் அணையவிடாமல் காப்போம். வரலாற்றை இவ்வாறு இரண்டு கைகளாலும் ஏந்தக் கற்ற மக்கள் எந்த ஊரில் குடியேறினாலும் அந்த ஊருக்கு நன்மை செய்வார்கள்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!